பதில் சொன்ன நாகம்மாள்

இறந்துபோன பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள்.

"உங்க பேரு?" என்று டேப் ரிக்கார்டரில் ஓர் ஆண் குரல் கேட்டது.

"நாகம்மாள்."

"கண்ணாடியில அந்தப் பச்சச் சேலைப் பொம்பள இப்பவும் தெரியுறாங்களா?"

"இல்லீங்க சார். இப்ப நல்லா இருக்கறனுங்க. பயமெல்லாம் போயிடுச்சுங்க."

"வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி சாப்பிடறீங்களா?"

"களியும் உச்செள்ளு சட்னியும் தின்னுட்டுத்தான் வருவேனுங்க." நாற்காலி நகரும் சத்தம். "சார், சீக்கிரம் உடுங்க சார். ராயக்கோட்டை வண்டி போயிடும்."

சுப்ரியா டேப்பை நிறுத்தினாள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஃப்ளெக்ஸ் பேனர் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்குத் தூறலில் நனைந்தபடியே ஏறி வந்திருந்தாள். குடை கையில்தான் இருந்தது. விரிக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"ஐப்பசி மழையில காய்ச்சல் வந்து செத்துப்போன பொண்ணு சார் இவ," என்றாள். "இந்த டேப் பதிவானது அதுக்கப்பறம் வந்த தை மாசம்."

துப்பறியும் தீர்த்தகிரி மேஜைமேல் இருந்த கேசட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளை விசாரித்தவர். பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம், உண்மை சொல்வதாக நம்பிக்கொண்டு தப்பாகச் சொல்கிறவர்களிடம்தான் கஷ்டம் என்பார்.

"நம்ம தொழிலுக்கு ரொம்ப வசதி சார்," என்றாள் உதவியாளர் ஸ்வாதி. "செத்தவங்க பேசுறதுன்னா கொன்னது யாருன்னு அவங்களையே கேட்டுடலாம்."

"கொலை இல்ல," என்றாள் சுப்ரியா. "கொலையா இருந்தா போலீசுக்குப் போயிருப்பேன்."

அவள் விவரத்தைச் சொன்னாள். நான்கு வருடங்களுக்கு முன், இரண்டாயிரத்து நான்கில், ஓசூரில் ஒரு மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலை. சர்க்யூட் போர்டு துடைக்கும் அறையில் வேலை செய்த பெண்கள் வரிசையாக மயங்கி விழுந்தார்கள். கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் பச்சைச் சேலை கட்டிய பெண் தெரிகிறாள் என்ற பேச்சு கம்பெனி முழுக்கப் பரவியது. பேராசிரியர் சென்னப்பன் வந்து ஆய்வு செய்தார். அந்தப் பெண்களைப் பேட்டி எடுத்தார். மனம்விட்டுப் பேசும் வகுப்புகள் நடத்தினார். சில மாதம் கழித்து அதே பெண்களை மறுபடி பேட்டி எடுத்தார். எல்லோருக்கும் குணமாகியிருந்தது. பயம் ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தொற்றுகிறது, பேச்சு அதை ஆற்றுகிறது என்பது அவர் முடிவு. அந்த ஆய்வு பெரிய பேர் வாங்கியது.

"இப்ப குந்தாரப்பள்ளி தாண்டி அதே கம்பெனி புது யூனிட் போட்டிருக்கு. அங்கேயும் பொண்ணுங்க மயங்கி விழறாங்க. அந்த ரூமையே மாத்திக் கட்டுறதா, பேச்சு வகுப்பு நடத்துறதா? திங்கட்கிழமை கம்பெனி முடிவெடுக்குது. பழைய ஆய்வு வகுப்பே போதும்னு சொல்லுது. அதுக்கு முன்னாடி அதே ஆட்களைத் தேடிப்பிடிச்சு, முதல்லருந்து ஒருமுறை செஞ்சு பாருன்னு சென்னப்பன் சாரே என்னை அனுப்பினார்."

"நல்ல மனுஷன்," என்றார் தீர்த்தகிரி.

"நாகம்மாளைத் தேடி மூக்கண்டப்பள்ளிக்குப் போனேன். அவங்க அப்பா போட்டோவக் காட்டினார். மாலை போட்டிருந்தது."

"பழைய டேப் இருக்குமே. முதல் பேட்டி?"

"அதுமேலயே வேற பதிவு பண்ணிட்டாங்க. கேசட் மிச்சம் பிடிச்சிருக்காங்க. எல்லாருக்கும் ரெண்டாவது பேட்டி மட்டும்தான் இருக்கு." அவள் குரல் தணிந்தது. "இந்த ஒரு டேப்பை ஒதுக்கிட்டா மத்த கணக்கெல்லாம் சரியாத்தான் வருது. ஒதுக்கிட்டுப் போயிருப்பேன். ஆனா அவங்க அப்பாவுக்கு இதைப் போட்டுக் காட்டினேன் சார். எம் மக குரல்தான்னு அழுதார். அன்னிக்கிலருந்து குளிக்கும்போது, பஸ்ல போகும்போது, இந்தக் குரல் கேட்டுக்கிட்டே இருக்கு. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு."

தீர்த்தகிரி நிமிர்ந்தார். "அவர்கிட்ட என்ன கேட்டீங்க? அதே வார்த்தையில சொல்லுங்க."

"இது உங்க மக நாகம்மா குரல்தானேன்னு…" பாதியிலேயே நிறுத்தினாள்.

"பதிலையும் நீங்களே கேள்விக்குள்ள வெச்சுக் குடுத்துட்டீங்க. அவர் திருப்பிக் குடுத்திருக்கார்."

---

மறுநாள் காலை மூக்கண்டப்பள்ளிக்குப் போனார்கள். தொழிற்பேட்டையின் முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களின் சைக்கிள்கள் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு போயின. ஸ்வாதியின் பையில் மூன்று கேசட்டுகள். மூன்றிலும் ஒரே வாக்கியங்கள்; மூன்று வேறு வேறு பெண்கள். ஒன்றில் அந்த மர்மக் குரல், நாகம்மாளின் அப்பா இதுவரை கேட்காத பகுதி. சுப்ரியாவின் பெட்டியிலிருந்த இன்னொரு பேட்டியிலிருந்து ஒன்று. மூன்றாவதில் ஸ்வாதியே குரலை மாற்றிப் பேசியிருந்தாள்.

"எது எதுன்னு எனக்கே தெரியக்கூடாது," என்று தீர்த்தகிரி சொல்லியிருந்தார். "தெரிஞ்சா என் மூஞ்சி காட்டிக்குடுத்துடும். நீ கலைச்சுக் குடுத்துட்டு சந்து முனைக்குப் போயிடு."

"உங்க மூஞ்சியில ஏதாவது தெரியும்னு இன்னிக்குத்தான் கேள்விப்படறேன் சார்," என்று சொல்லிவிட்டு ஸ்வாதி போய்விட்டாள்.

நாகம்மாளின் அப்பா மூர்த்தி சாத்தூர்ப் பக்கத்திலிருந்து லேத் வேலைக்கு வந்தவர். விரல்களில் ஒன்று பாதியில் நின்றிருந்தது. இப்போது வாசலில் மேஜை போட்டு இஸ்திரி போடுகிறார். மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்தாள். ஒரே மகள், அவளும் போட்டோவாகிவிட்டாள். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

"மூணு குரல் போடறனுங்க," என்றார் தீர்த்தகிரி. "இதுல உங்க மக இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். எனக்கும் தெரியாது. கேட்டுட்டு மனசுல பட்டதச் சொல்லுங்க."

முதல் குரல் பேசியது. மூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். "எம் மகதான்," என்றார்.

இரண்டாவது. கண்ணைத் திறக்காமலே கேட்டார். "இதுவும் அவதான். சளி பிடிச்சப்ப இப்படித்தான் பேசுவா."

மூன்றாவதைப் போட்டதும் எழுந்தே விட்டார். டேப் ரிக்கார்டருக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றார். அது முடிந்து வெறும் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தபோதும் நகரவில்லை.

"ஐயா, மூணும் எம் மகதான்," என்றார் கடைசியில். "இன்னொருக்க இந்தக் கடைசிக் குரலப் போடுங்க. நேத்து எங்கூடப் பேசுன மாதிரியே இருக்கு."

சுப்ரியா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தீர்த்தகிரி அவசரப்படவில்லை. மூன்றாவதை மறுபடி போட்டார். முடிந்ததும் சாதாரணமாகக் கேட்டார்: "மக வேலைக்குக் கிளம்பும்போது என்ன சாப்பிடும்?"

"காபித்தண்ணி. அதுக்கு மேல இறங்காது."

"இந்த ஊர்ச் சாப்பாடெல்லாம்?"

"களி கிண்டுற வாசம் வந்தாலே அங்கிட்டுப் போயிருவா. அவ அம்மாவும் அப்படித்தான்."

"கம்பெனிக்கு எப்படிப் போகும்?"

"நடந்துதான். இந்தா, அந்தப் புகைபோக்கி தெரியுதுல்ல? அதுக்குப் பின்னாடிதான்."

சந்து முனையில் ஸ்வாதி காத்திருந்தாள். சுப்ரியா நடந்ததைச் சொன்னதும், "கடைசி கேசட்ல என்ன கலர் லேபிள்?" என்று கேட்டாள்.

"மஞ்சள்."

ஸ்வாதி காரை நோக்கி நடந்தாள். மஞ்சள் லேபிளில் இருந்தது அவளுடைய குரல். காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் தொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப அந்த டேப் பொய்தானே சார்?" என்றாள் சுப்ரியா.

"அது இன்னும் தெரியல. அவர் ஆமான்னு சொன்னதை ஆதாரமா எடுத்துக்க முடியாது. தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா டேப்பே சில விஷயம் சொல்லுது. நாகம்மா கம்பெனி கேட்லருந்து கூப்பிடு தூரத்துல குடியிருந்தா. அவளுக்கு ராயக்கோட்டை பஸ் எதுக்கு?"

"பேய்க்கு பஸ்ஸே எதுக்குன்னு நான் நேத்தே கேட்டிருக்கணும்," என்றாள் ஸ்வாதி. கொஞ்சம் தேறியிருந்தாள். "களி வேற திங்குது. உச்செள்ளு இந்தப் பக்கத்து எண்ணெய் வித்து, அதுக்கு இன்னொரு பேரு பேயெள்ளு சார். அது மட்டும் பொருத்தம்தான்."

"இன்னொண்ணு. உன் பேரு நாகம்மாள்னு வெச்சுக்க. யாராவது பேரு கேட்டா என்ன சொல்லுவ?"

"நாகம்மா."

"டேப்புல?"

ஸ்வாதி வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "நாகம்மாள். கடைசி 'ள்' வரைக்கும் சுத்தமா. சார், தன் பேரை யாரும் 'ள்' போட்டுச் சொல்ல மாட்டாங்க. எழுதி வெச்சதப் படிக்கிறவதான் அப்படிச் சொல்லுவா. கழுத்துல தொங்குற டோக்கன்ல எழுதியிருக்கும்."

"அப்ப இது மோகன்குமார் வேலைதான்," என்றாள் சுப்ரியா. டேப்பில் கேள்வி கேட்ட ஆண் குரல் அவனுடையது. அப்போது சென்னப்பனிடம் களப்பணியில் இருந்தான். இப்போது கோயம்புத்தூரில் கல்லூரி ஆசிரியர். "செத்தவளைத் தேட முடியாம யாரையோ உக்கார வெச்சுப் பேச வெச்சிருக்கார்."

அவளே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மோகன்குமாருக்குக் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. "நான் டோக்கனைப் பார்த்துப் பேரு கேட்டேன். அவங்க சொன்னாங்க. காண்ட்ராக்டர் கோவிந்தன்தான் ஒவ்வொருத்தரா அனுப்பினார். சுப்ரியா, பொய்யா செய்யணும்னா இட்லி சாப்பிட்டேன்னு சொல்ல வெச்சிருப்பேன். உச்செள்ளு சட்னின்னா என்னன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது."

போனை வைத்தபின் தீர்த்தகிரி காரைக் கிளப்பினார். "இவர் சொல்றது சரி. கட்டுக்கதை கட்டுறவனுக்குத் தெரியாத சாப்பாடு கதைக்குள்ள வராது. அங்க நிஜமாவே ஒரு பொண்ணு உக்காந்து நிஜமாவே பதில் சொல்லியிருக்கா. ராயக்கோட்டை ரோட்டுக்காரி."

---

ராயக்கோட்டை ரோட்டில் உத்தனப்பள்ளி டீக்கடையில் விசாரித்தபோது, அந்தக் காலத்தில் கோவிந்தன் ஓசூர் கம்பெனிக்குப் பெண்களை வேலைக்குச் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களில் பலர் இப்போது ஊருக்கு வெளியே ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிறார்களாம். பிளாஸ்டிக் கூரை போட்ட நீளமான கொட்டகைகள். தூறல் அவற்றின்மேல் விழுந்துகொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குப் பெண்கள் வெளியே வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். யாரும் இவர்களைக் கவனிக்கவில்லை.

"ஒவ்வொருத்தரா கேட்டா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க," என்றார் தீர்த்தகிரி. "ரொம்ப நாள் ஒரு பேருக்குப் பதில் சொல்லியிருந்தா காது மறக்காது. சூப்பர்வைசர் கூப்பிடற மாதிரி, 'ள்' போட்டுக் கூப்பிடு. ஆனா முதல்ல சம்பந்தமில்லாத ஒரு பேரைக் கூப்பிடு. வெறும் சத்தத்துக்கே திரும்புறவங்க யாருன்னு நமக்குத் தெரியணும்."

"என்ன பேரு?"

"எதையாவது."

ஸ்வாதி ஒரு கல்லின்மேல் ஏறி நின்றாள். வாயில் வந்த பேரைக் கூப்பிட்டாள். கேசட்டுகளைப் பிரதி எடுத்தபோது ஒரு லேபிளில் பார்த்த பேர் அது என்று அவளுக்கு அந்த நேரம் நினைவில்லை.

"ஜெயக்கொடி!"

குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பினாள். கை பாதி உயர்ந்து நின்றது.

தீர்த்தகிரியின் முகம் மாறியது. ஸ்வாதி அவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"நாகம்மாள்!"

வேலியோரமாக உட்கார்ந்திருந்த, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட ஒருத்தி சட்டென்று எழுந்து, "சார்," என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுப்ரியாவின் கைப்பையில் மற்ற கேசட்டுகளும் இருந்தன. அவற்றை எடுத்து ஒவ்வொன்றாக ஸ்வாதியிடம் நீட்டினாள். லேபிள்களில் இருந்த பேர்களை ஸ்வாதி கூப்பிட்டாள். சீனியம்மாள். ஒருத்தி திரும்பினாள். பொன்னுத்தாய். இன்னொருத்தி. விருதுநகர், திண்டுக்கல் பக்கத்துப் பேர்கள். அந்த ஊர்களைக் கண்ணால்கூடப் பார்த்திராத பெண்கள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு முகம் எழும்பி, வெளுத்து, மற்றவர்களைப் பார்த்தது. பேர் கூப்பிடும் சத்தத்தைத் தவிர மழைதான் கேட்டது. ஒருத்தி அழ ஆரம்பித்தாள். "அவுங்கல்லாம் நம்மளத் தேடிக்கிட்டு வந்துட்டாங்களா?" என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்.

"போதும் ஸ்வாதி," என்றார் தீர்த்தகிரி.

ஸ்வாதி கல்லிலிருந்து இறங்கினாள்.

---

மூக்குத்திக்காரியின் பெயர் மாரம்மா. பூப்பெட்டிகள் அடுக்கிய கொட்டகையில் அவர்களோடு உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறந்ததுமே சுப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். அதே குரல்.

"மாரம்மா, நீங்களே சொல்லுங்க," என்றார் தீர்த்தகிரி. "முதல்லருந்து. நான் நடுவுல ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"கோவிந்தண்ணன் வந்து கூப்பிட்டாருங்க. கம்பெனியில கொஞ்சம் பேரு நின்னுட்டாங்கோ, அந்த எடத்துக்கு ஆளு வேணும்னாரு. புதுசா பேரு பதியணும்னா ரொம்ப நாளாவும், அதுவரைக்கும் அவுங்க டோக்கனையே மாட்டிக்கங்கன்னாரு. எனக்கு வந்தது நாகம்மாள். செத்துப்போனவ பேருன்னு அப்பத் தெரியாதுங்க. ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள எல்லாரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டாங்கோ."

"சொல்லுங்க."

"சேந்து கொஞ்ச நாள்தானுங்க, ஒரு சார் வந்து கேள்வி கேட்டாரு. பயம் போச்சுன்னு சொல்லுன்னு கோவிந்தண்ணன் சொல்லி அனுப்பிச்சாரு. நாங்க நேத்து வந்தவங்க, எங்களுக்கு ஏது பயம் போறதுக்கு? நல்லா இருந்தம், நல்லா இருக்கறம்னு சொன்னம். அது நெசந்தானுங்க." அவள் சேலை நுனியை விரலில் சுற்றினாள். "கண்ணாடிப் பொம்பளயப் பத்தி அந்த சார் கேட்டுத்தான் எனக்கே தெரியும். கேட்டதுக்கப்பறம் கை கழுவப் போனா நிமிந்து பாக்கவே மாட்டேன்."

மழை வலுத்தது.

"அப்பறம்தான் எங்களுக்கும் வந்துச்சுங்க. தலைசுத்து. கண்ணு கட்டும். அந்த ரூமுல சன்னல் கெடையாதுங்க. போர்டு தொடைக்கிற தண்ணி பழுத்த வாழப்பழமாட்டம் மணக்கும். மொத நாளு நல்லாத்தான் இருக்கும். அப்பறம் எதத் தின்னாலும் அதே வாசம். ராத்திரி படுத்தா பாயெல்லாம் வாசம். ஒவ்வொருத்தரா நின்னுட்டம். எங்க டோக்கன வேற யாரு போட்டுக்கிட்டாங்களோ."

சுப்ரியா கொட்டகைக்கு வெளியே போய் மழையில் நின்றாள். ஒரு டேப்பை ஒதுக்கினால் போதும் என்று நினைத்திருந்தாள். நோய் வந்த பெண்களிடம் கேட்டது முதல் பேட்டி. புதிதாக வந்த நல்ல உடம்புக்காரிகளிடம் கேட்டது இரண்டாவது. பேர் மட்டும் மாறவில்லை. பேச்சு வகுப்பு ஒருத்தரையும் குணப்படுத்தவில்லை. குணமாக வேண்டியவர்கள் அங்கே இல்லவே இல்லை.

சென்னப்பனுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"என் முடிவு தப்புங்கறியா?"

"தப்பா சரியான்னே தெரியல சார். நாம யாரைக் கேட்டோம்னே நமக்குத் தெரியாம இருந்திருக்கு."

"கண்ணாடிப் பொம்பளைங்கற பேச்சு அந்தக் கம்பெனியில ஏற்கெனவே இருந்தது. நான்தான் அதைக் கேள்வித்தாள்ல போட்டேன்," என்றார் தமக்குள் பேசுகிறவர் போல. பிறகு குரல் திடமானது. "வாசனை விஷயத்துல ஒண்ணு யோசி. அவங்க எல்லாரும் ஒரே ஊர். ஒண்ணா வேலை செஞ்சவங்க. ஒருத்தி சொன்னதை எல்லாரும் சொல்லலாம். நான் ஒருதடவை ஏமாந்தாச்சு. இவங்களைத் தெரியாத ஒருத்தர், யாரும் எடுத்துக்குடுக்காம இதையே சொன்னா, இன்னிக்கே அந்த ரூமைப் பூட்டச் சொல்றேன். திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க மாட்டேன்."

அவர் கேட்டது நியாயம்தான் என்று தீர்த்தகிரி சொன்னார். அதற்குத் தகுந்த ஆள் ஒருவர்தான் இருந்தார்.

---

மூர்த்தி இஸ்திரி போட்ட சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சுப்ரியா எதிரில் தரையில் உட்கார்ந்தாள். வருகிற வழியெல்லாம் தீர்த்தகிரி சொல்லிக்கொண்டு வந்தது ஒன்றுதான்: வாசனை என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

"ஐயா, நாகம்மாவப் பத்திச் சொல்லுங்க," என்றாள்.

"என்னத்தச் சொல்ல?"

"எதை வேணும்னாலும்."

அவர் ஆரம்பித்தார். மகள் முதல் சம்பளத்தில் அவருக்குச் செருப்பு வாங்கி வந்தது. சைஸ் சின்னதாக இருந்தும் அவர் மாட்டிக்கொண்டு நடந்தது. பஸ்ஸில் சன்னலோரம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாளாம். ஊரில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றது. தேநீர் வந்தது, ஆறியது. சுப்ரியாவின் வாய் ஒருமுறை திறந்தது. தீர்த்தகிரி லேசாக இருமினார். அவள் மூடிக்கொண்டாள்.

"கடைசி மாசம்தான் பாக்க முடியல," என்றார் மூர்த்தி. "தட்டுல கை வெச்சவ அப்படியே எந்திரிச்சுருவா. 'ஏப்பா, சோத்துல வாழப்பழத்தப் பிசைஞ்சியா'ன்னு கேப்பா. வாழப்பழத்துக்கு நான் எங்கிட்டுப் போவேன்? தண்ணியிலயும் அந்த வாசம் அடிக்குதும்பா. தலகாணி உறைய மாத்தச் சொல்லுவா. மாத்துனா அதுலயும் அடிக்குதும்பா. காய்ச்சல் புத்தி பேசுதுன்னு நான் அதட்டுனேன்."

மூர்த்தி ஒரு சட்டையை எடுத்து மடித்தார்.

"பேயி பிசாசுன்னு எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல தாயி," என்றார். "நீங்க வந்து கேட்டப்பதான் அப்படி ஒரு பேச்சு இருந்ததே எனக்குத் தெரியும்."

சுப்ரியா எழுந்து சந்துக்குப் போனாள். அவள் போனில் பேசுவது வாசல் வரை கேட்டது. சென்னப்பன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இல்ல சார், நான் ஒரு வார்த்தை எடுத்துக்குடுக்கல," என்று அவள் சொன்னாள். ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதுவதற்குள் திரும்பப் போன் வந்தது. குந்தாரப்பள்ளி யூனிட்டில் அந்த அறையைக் காலி செய்துவிட்டார்கள். உள்ளே இருந்த பெண்களை டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை கூட்டத்தில், தன் ஆய்வைத் தானே திரும்பப் பெறுவதாகச் சொல்லப் போகிறார். டோக்கனை விட்டுவிட்டுப் போன பழைய பெண்களை ஊர் ஊராகப் போய்த் தேடும் வேலை சுப்ரியாவுக்கு.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது மூர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த டேப்புல பேசுனது எம் மக இல்ல. அப்படித்தானே?"

"இல்லீங்கய்யா. உங்ககிட்ட நான் தப்பாக் கேட்டுட்டேன்."

அவர் இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"பேசுன புள்ள உசுரோட இருக்கா?"

"இருக்கா. உத்தனப்பள்ளியில, ரோஜாத் தோட்டத்துல வேலை பாக்குறா," என்றாள் ஸ்வாதி. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "நாகம்மாள்னு கூப்பிட்டா இன்னும் எந்திரிச்சு நிக்கிறா ஐயா. அந்தப் பேரு அவளை விட மாட்டேங்குது."

மூர்த்தி தெருவைப் பார்த்தார். ஷிஃப்ட் முடிந்தவர்கள் சைக்கிளில் வர ஆரம்பித்திருந்தார்கள்.

"அந்தப் புள்ளைய ஒரு நாளைக்கு இங்கிட்டுக் கூட்டியாங்க தாயி," என்றார். "நான் வெச்ச பேரு அது. நானே திருப்பி வாங்கிக்கிறேன்."